ஊர் மாறினால் சரியும் தவறும் மாறுமா?

தொலைநடை (இழையைத் தொடங்கியவர்)

வேலை நிமித்தமாக இரண்டு வருடம் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இருந்தேன். முதல் குளிர்காலத்தில், கூட வேலை செய்யும் ஒரு பெண் வீட்டுக்கு அழைத்திருந்தார். போனால் வாசல் ஓரமாக ஒரு தள்ளுவண்டி நிற்கிறது. சுற்றிலும் பனி. எட்டிப் பார்த்தால் உள்ளே குழந்தை! ஏழெட்டு மாதம் இருக்கும். கம்பளிக்குள் மூக்கு மட்டும் தெரியத் தூங்குகிறது. பதறிப்போய் வண்டியை உள்ளே தள்ளக் கை வைத்துவிட்டேன். அதற்குள் அவர் கதவைத் திறந்து, "இப்போதுதான் தூங்கினான், விடுங்கள்" என்றார்.

பேசிக்கொண்டிருந்த ஒரு மணி நேரத்தில் நான்கு முறை எழுந்து ஜன்னலுக்குப் போனேன். நான்காவது முறை அவர் முகம் மாறிவிட்டது. "பத்துப் பேர் மூச்சு விடும் மூடிய அறையில் பிள்ளையைப் படுக்க வைத்தால்தான் எங்கள் அம்மாக்கள் பதறுவார்கள். வெளிக்காற்றில் தூங்கும் பிள்ளைதான் திடமாக வளரும் என்று நம்புகிறோம். நீங்கள் என்னை மோசமான தாய் என்று நினைக்கிறீர்கள், தெரிகிறது" என்றார். ஆமாம், அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம்தான் 1997-இல் நியூயார்க்கில் நடந்ததைப் படித்தேன். டென்மார்க்கிலிருந்து வந்திருந்த ஒரு தாய், உணவகத்துக்குள் உட்கார்ந்தபடி 14 மாதக் குழந்தையை வெளியே தள்ளுவண்டியில் தூங்க விட்டிருந்தார். ஊரில் எல்லோரும் செய்வதுதான். நியூயார்க்கில் போலீஸ் வந்தது. தாயும் தந்தையும் கைதானார்கள். குழந்தையை அரசு எடுத்துக்கொண்டு, சில நாள் கழித்துத்தான் தாயிடம் திருப்பித் தந்தது. ஒரே வண்டி, ஒரே பிள்ளை. ஓர் ஊரில் நல்ல தாய், இன்னோர் ஊரில் குற்றவாளி.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. "இது தவறு" என்று எனக்குள் ஓங்கிச் சொல்லும் குரலில் எவ்வளவு நியாயம், எவ்வளவு வெறும் பழக்கம்? வெளிநாடுகளில் வாழ்ந்தவர்கள், நிறையப் பயணம் செய்தவர்கள் எழுதுங்கள். உங்களுக்கு எது மாறியது? எது எவ்வளவு போனாலும் மாறவே இல்லை?

---

பழைய வரைபடம்

இந்தக் கேள்விக்கு வயது 2,400 வருடத்துக்கு மேல். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் தன் மூன்றாம் நூலில் ஒரு சம்பவம் சொல்கிறார். பாரசீக மன்னன் டேரியஸ் தன் அவையிலிருந்த கிரேக்கர்களைக் கூப்பிட்டு, "எவ்வளவு பணம் தந்தால் செத்துப்போன தந்தையின் உடலைத் தின்பீர்கள்?" என்று கேட்டான். எவ்வளவு தந்தாலும் மாட்டோம் என்றார்கள். பிறகு, பெற்றோரின் உடலைத் தின்னும் வழக்கமுள்ளவர்கள் என்று சொல்லப்பட்ட கல்லத்தியர்களை வரவழைத்து, "எவ்வளவு தந்தால் தந்தையை எரிப்பீர்கள்?" என்று கேட்டான். அவர்கள் அலறி, அப்படியெல்லாம் பேசாதே என்றார்கள். வழக்கம்தான் எல்லோருக்கும் அரசன் என்று ஹெரோடோட்டஸ் முடிக்கிறார்.

கல்லத்தியர் உண்மையிலேயே அப்படிச் செய்தார்களா என்பது வேறு விஷயம். என்னை உறுத்துவது மன்னன் கேட்ட கேள்வி. இரண்டு தரப்பும் ஒரே கூடத்தில் நிற்கிறது, மொழிபெயர்ப்பாளரும் இருக்கிறார். கேட்டதோ "எவ்வளவு தந்தால்" என்று மட்டும்தான். "ஏன் அப்படிச் செய்கிறீர்கள்" என்று ஒருவர்கூட ஒருவரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், தந்தையை அவமதிக்கக் கூடாது என்ற ஒரே எண்ணம்தான் இருவரையும் அலற வைத்தது என்று அங்கேயே தெரிந்திருக்கும்.

பயணம் போனாலே மனம் விரியும் என்பவர்களிடம் நான் மொராக்கோவின் பயணி இப்ன் பதூதாவை நினைவுபடுத்துவேன். 1325-இல் கிளம்பி ஏறக்குறைய முப்பது வருடம் சுற்றியவர். 1352-இல் சகாராவைக் கடந்து வலாட்டா ஊருக்குப் போகிறார். அங்கே காஜியின் (இஸ்லாமிய நீதிபதி) வீட்டுக்குள் நுழைந்தால் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருக்கிறாள். இவர் வெட்கப்பட்டுத் திரும்ப, அவள் சிரிக்கிறாள். "ஏன் போகிறீர், இவள் என் தோழி" என்கிறார் காஜி. இன்னொரு வீட்டில் வீட்டுக்காரரின் மனைவி வேறொரு ஆணோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறாள். கேட்டால், "எங்கள் ஊரில் ஆணும் பெண்ணும் பழகுவது நல்ல முறையில்தான் நடக்கிறது, அதில் சந்தேகத்துக்கு இடமில்லை" என்று பதில் வருகிறது. இப்ன் பதூதா எழுந்து போய்விட்டார். அதன் பிறகு பலமுறை அழைத்தும் அந்த வீட்டுப்படி ஏறவில்லை.

மாலத்தீவில் காஜியாக இருந்தபோது பெண்கள் மேலாடை அணிய வேண்டும் என்று உத்தரவு போட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. அதே தீவில் நான்கு மணம் முடித்துக்கொண்டதை இயல்பாக எழுதுகிறார். அதில் அவருக்கு ஒரு நெருடலும் இல்லை.

ஆனால் அதே மனிதர் மாலி நாட்டைப் பற்றி எழுதும்போது, இங்கே அநீதி மிகக் குறைவு, வழிப்போக்கனுக்குக் கள்வர் பயம் இல்லை, அந்நியன் செத்துப்போனால் அவன் சொத்தைத் தொட மாட்டார்கள் என்று மனதாரப் புகழ்கிறார். பெண்கள் விஷயத்தில் ஒரு அடிகூட நகராதவர் நீதி விஷயத்தில் அவர்களைத் தலைக்கு மேல் வைக்கிறார். ஒரே ஆளுக்குள் இரண்டும் இருந்தன. நம்மில் பெரும்பாலோர் இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

---

இரவுப்பணி

நான் செவிலி. பல வருடமாக அமெரிக்க மருத்துவமனைகளில் வேலை. எந்த ஊர், எந்த மருத்துவமனை என்று சொல்லப்போவதில்லை.

நான் வளர்ந்த வீட்டில், பெரியவர்களுக்குக் கெட்ட நோய் வந்தால் அவர்களிடம் சொல்ல மாட்டார்கள். அது அன்பு. சொல்லி அவர்களை நொறுக்குவது ஈவிரக்கம் இல்லாத செயல். இங்கே வந்தால் சட்டமும் பயிற்சியும் தலைகீழ்: நோயாளிக்கு உண்மையைச் சொல்வது கடமை, மறைப்பது அவர் உரிமையைத் திருடுவது. முதல் வருடம் டாக்டர் ஒருவர் நேராக "புற்றுநோய், பரவிவிட்டது" என்று ஒரு பாட்டியிடம் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. அவரைக் கல் நெஞ்சக்காரர் என்றே முடிவு கட்டினேன்.

பிறகுதான் தெரிந்தது, இந்த நாட்டிலேயே அந்த "கடமை" புதுசு என்று. 1961-இல் அமெரிக்க மருத்துவர்களைக் கேட்டபோது ஏறக்குறைய 90 சதவீதம் பேர் புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்ல மாட்டோம் என்றார்கள். 1979-இல் கிட்டத்தட்ட அதே கேள்விக்கு 97 சதவீதம் பேர் சொல்வதே எங்கள் வழக்கம் என்றார்கள். பதினெட்டே வருடம்! விமானம் ஏறாமலே ஒரு நாடு முழுக்க வேறொரு நாட்டுக்குக் குடிபோன மாதிரி.

1995-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் 65 வயதைத் தாண்டிய 800 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. பரவிய புற்றுநோயை நோயாளியிடம் சொல்ல வேண்டுமா? ஐரோப்பிய வழியினரில் 87, ஆப்பிரிக்க வழியினரில் 88 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். மெக்சிக வழியினரில் 65. கொரிய வழியினரில் 47. ஒரே ஊர், ஒரே சட்டம், பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.

எனக்கு மாறியது எது என்று கேட்டீர்கள் அல்லவா? ஒரு முதியவர் இருந்தார், வேறு கண்டத்திலிருந்து வந்தவர். மகள் என்னை நடைவழியில் நிறுத்தி, கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், அவர் அன்றைக்கே செத்துப்போவார்" என்று அழுதாள். அவள் பேசியது அப்படியே என் அம்மா பேசுவது மாதிரி இருந்தது. உள்ளே டாக்டர் சொல்லியே ஆக வேண்டும் என்று நிற்கிறார். இரண்டு பேரும் நல்லவர்கள். எனக்கு இரண்டு பக்கமும் நியாயமாகப் பட்டது, அதனால்தான் வயிற்றைப் பிசைந்தது.

கடைசியில் மூத்த செவிலி ஒருவர் மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, முதியவரிடமே கேட்டார்: "ஐயா, பரிசோதனை முடிவு வந்தால் உங்களிடம் சொல்லட்டுமா, இல்லை வேறு யாரிடமாவது சொல்லட்டுமா? எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?" அவர் போர்வையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம். பிறகு, "மகளிடம் சொல்லுங்கள். எனக்குத் தெரியும் என்பதை மட்டும் அவளிடம் சொல்லாதீர்கள்" என்றார்.

மகள் அப்பாவைக் காப்பதாக நினைத்தாள். அப்பா மகளைக் காத்துக்கொண்டிருந்தார். நாங்கள் உரிமை, கடமை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

---

மறுகரை

இரவுப்பணி அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஆனாலும் நான் மறுபக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பயணம் ஆளைக் கெடுக்கவும் செய்யும். 2017-இல் சமூக உளவியலில் ஓர் ஆய்வுத் தொகுப்பு வந்தது, எட்டு ஆய்வுகள். எத்தனை நாடுகளில் வாழ்ந்தார்கள் என்ற எண்ணிக்கை கூடக்கூட, சின்னச் சின்ன ஏமாற்று வேலை செய்யும் போக்கும் கூடியது. ஒரே நாட்டில் நீண்ட காலம் இருந்ததற்கு அப்படிப்பட்ட தொடர்பு தெரியவில்லை. காரணமாக அவர்கள் சொன்னது: பல ஊர் நியதிகளை மேலோட்டமாகப் பார்க்கிறவனுக்கு "நியதி என்று எதுவுமே இல்லை, எல்லாம் ஊருக்கு ஊர் வேறு" என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

இதை நம்ப எனக்கு ஆய்வு தேவைப்படவில்லை. நானே சாட்சி. ஐந்து வருடத்தில் ஏழு நாடு, எங்கேயும் எட்டு மாதத்துக்கு மேல் தங்கியதில்லை. அதில் ஒரு நகரத்தில் டிராமுக்குத் தடுப்புக்கதவு கிடையாது. டிக்கெட்டை நீங்களே வாங்கி, நீங்களே இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். முதல் மாதம் ஒழுங்காகக் குத்தினேன். சிலர் குத்தாமல் ஏறுவதைப் பார்த்தேன். மூன்றாவது மாதம் நானும் விட்டுவிட்டேன். "இங்கே இப்படித்தான்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். நான் பிறந்த ஊரில் சத்தியமாகச் செய்திருக்க மாட்டேன், யாராவது பார்த்தால் மானம் போய்விடும்.

ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு மேல் இருக்கும். பெட்டியில் நானும் ஒரு வயதான அம்மாவும் மட்டும். கையில் இரண்டு பை. வண்டி ஆடுகிறது. அவர் இரண்டு பையையும் தரையில் வைத்து, கையுறையைக் கழற்றி, கம்பியைப் பிடித்துக்கொண்டு தட்டுத்தடுமாறி இயந்திரம் வரை போய் டிக்கெட்டைக் குத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பரிசோதகர் இல்லை, பார்க்க ஆள் இல்லை. என்னை அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை. "இங்கே இப்படித்தான்" என்று நான் யாரைப் பார்த்துச் சொன்னேன்? அந்த ஊரின் சோம்பேறிகளைப் பார்த்து. எனக்கு வசதியானவர்களைப் பொறுக்கி எடுத்து அவர்கள்தான் ஊர் என்று சொல்லிவிட்டேன்.

இதைத்தான் நான் ஆபத்து என்கிறேன். வேறு ஊரின் நியதி நம்மைக் கட்டுப்படுத்தும் இடத்தில் "நான் வெளியாள்" என்கிறோம். தளர்த்தும் இடத்தில் "நானும் இந்த ஊர்க்காரன்" என்கிறோம்.

---

பழைய வரைபடம்

மறுகரை சொன்னதற்குப் பொருத்தமான ஒன்று. நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபைத் தூதர்களுக்கு வாகன நிறுத்த அபராதத்தை வசூலிக்க வழியில்லாமல் இருந்தது. ஃபிஸ்மன், மிகெல் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1997 முதல் 2002 வரை கட்டாமல் விட்ட 1,50,000-க்கு மேற்பட்ட அபராதச் சீட்டுகளை நாடு வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஊழல் மிகுந்த நாடுகளின் தூதர்கள் அதிகம் சேர்த்திருந்தார்கள். நார்வே, ஸ்வீடன் தூதர்கள் சட்டமே தொட முடியாத நிலையிலும் ஒழுங்காக நிறுத்தினார்கள். ஆக, ஊர் வழக்கம் பெட்டியோடு கூடவே வருகிறது.

ஆனால் 2002 கடைசியில், கட்டாதவர்களின் தூதரக எண் பலகையைப் பறிக்க நகரத்துக்கு அதிகாரம் கிடைத்ததும், இந்த மீறல்கள் ஏறக்குறைய 98 சதவீதம் குறைந்துவிட்டன. "எங்கள் ரத்தத்தில் ஊறியது" என்று நாம் சொல்வதில் பாதி, யாரும் கேட்காததால் ஊறியது.

---

சுடர்

எல்லோரும் அழகாக எழுதுகிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது.

தள்ளுவண்டியும் டிராம் டிக்கெட்டும் சரி. சிறுமியின் பிறப்புறுப்பில் கத்தி வைக்கும் இடங்களில் என்ன செய்வீர்கள்? அங்கேயும் போய் "ஏன் செய்கிறீர்கள்" என்று கேட்டுவிட்டு, அன்பினால்தான் என்று பதில் வந்தால் தலையாட்டிவிட்டு வந்துவிடுவீர்களா? நான் மேற்கு ஆப்பிரிக்காவில் தொண்டு வேலை செய்தவள். அந்த அம்மாக்கள் மகள்மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள். செய்யாவிட்டால் அவளுக்குக் கல்யாணம் ஆகாது, யாரும் அவள் கையால் எதுவும் வாங்க மாட்டார்கள் என்று பயப்படுகிறார்கள். அன்பு உண்மைதான். அதனால் அந்தச் செயல் சரியாகிவிடாது. வலி அந்தப் பிள்ளைக்கு. அவளை யாரும் கேட்கவில்லை.

---

இரவுப்பணி

கோபப்படுங்கள் சுடர். அந்தக் கோபம் வேண்டும்.

என் கதையில் கட்டிலில் கிடந்தவரிடமே கேட்டோம். உங்கள் கதையில் அந்த இடத்தில் இருப்பவள் ஆறு வயதுப் பிள்ளை. அவள் சார்பாக யாரும் கேட்காத வரை, ஊர் முழுக்கச் சம்மதித்தாலும் அது சம்மதம் ஆகாது. இதில் நான் எந்த ஊருக்குப் போனாலும் மாறப்போவதில்லை.

---

பழைய வரைபடம்

சுடருக்கு அந்தப் பகுதியே தெரியும் என்பதால் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். தவறாக இருந்தால் திருத்துங்கள்.

செனகலில் மலிக்குண்டா பம்பாரா என்ற ஊர்ப் பெண்கள் 1997 ஜூலை 31 அன்று இனிமேல் எங்கள் பெண் பிள்ளைகளுக்கு இதைச் செய்ய மாட்டோம் என்று வெளிப்படையாக அறிவித்தார்கள். வெளியாள் வந்து திட்டி நடந்ததில்லை. டோஸ்டான் என்ற அமைப்பு அங்கே உடல்நலம், உரிமை பற்றித் தாய்மொழியில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தது. முடிவை எடுத்தவர்கள் அந்தப் பெண்களே. உடனே எதிர்ப்பும் வந்தது. அப்போது அக்கம்பக்கத்துப் பெரியவர் ஒருவர் சுட்டிக்காட்டியது முக்கியம்: பெண் கொடுப்பதும் எடுப்பதும் பல ஊர்களுக்கு இடையில் நடக்கிறது, ஓர் ஊர் மட்டும் விட்டால் அந்த ஊர்ப் பெண்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். அடுத்த ஆண்டு பதின்மூன்று ஊர்கள் சேர்ந்து உறுதி எடுத்தன. நாட்டின் தடைச்சட்டம் 1999-இல்தான் வந்தது.

சீனாவில் பெண்களின் பாதத்தைக் கட்டி ஒடிக்கும் வழக்கமும் இப்படித்தான் விழுந்தது. பல நூற்றாண்டுப் பழக்கம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சங்கங்கள் தோன்றின. சேர்ந்தவர்கள் இரண்டு உறுதி கொடுத்தார்கள்: மகளுக்குக் கட்ட மாட்டேன், மகனுக்குக் கட்டிய பெண்ணை எடுக்க மாட்டேன். இரண்டாவது உறுதிதான் தாய்மாரின் பயத்தை உடைத்தது. பெரும்பாலான இடங்களில் ஒரு தலைமுறைக்குள் அந்த வழக்கம் ஒழிந்தது.

"அது அவர்கள் கலாச்சாரம்" என்று ஒதுங்குகிறவர் அந்த ஊரில் ஒரே ஒரு குரல்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார். எந்த ஊரிலும் அப்படி இல்லை. மறுத்துப் பேசுகிறவள் அங்கே ஏற்கெனவே இருக்கிறாள். நாம் ஒதுங்கும்போது அவளையும் சேர்த்துக் கைவிடுகிறோம்.

---

சுடர்

திருத்த ஒன்றும் இல்லை. அந்த இரண்டாவது உறுதியைத்தான் வெளியிலிருந்து போகிறவர்கள் கடைசி வரை புரிந்துகொள்ள மாட்டார்கள். அது வலிக்கும், கெடுதல் என்று அம்மாவிடம் விளக்கிக்கொண்டே இருப்பார்கள். வலிக்கும் என்பது அவளுக்குத் தெரியாதா? அவள் உடம்பிலும்தான் அது நடந்திருக்கிறது.

---

நீலக்கோடு

சின்னதாக ஒன்று. 1947-இல் அமெரிக்க மானுடவியல் சங்கம், எல்லா நாட்டுக்கும் பொதுவாக மனித உரிமை எழுதுவதே சரிப்படுமா என்று சந்தேகம் தெரிவித்து ஓர் அறிக்கை விட்டது. அடுத்த வருடம் டிசம்பர் 10-இல் உலக மனித உரிமைப் பிரகடனம் 48 நாடுகளின் ஆதரவோடு நிறைவேறியது. எதிர்த்து ஓட்டு இல்லை, 8 நாடுகள் ஒதுங்கி நின்றன. எழுதும் குழுவில் சீனாவின் பி.சி. சாங், லெபனானின் சார்லஸ் மாலிக் எல்லாம் உட்கார்ந்து வாதாடினார்கள். முதல் விதியில் ஆண்களை மட்டும் குறிப்பது போலிருந்த சொல் "மனிதர்கள் எல்லோரும்" என்று மாறக் காரணமானவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா. எனவே அது மேற்கத்தியச் சரக்கு என்று யாராவது சொன்னால் எனக்கு ஒப்புதல் இல்லை. 1999-இல் அதே மானுடவியல் சங்கமும் மனித உரிமைகளை ஆதரித்துப் புதிய பிரகடனம் வெளியிட்டது.

இன்னொன்று, 2019-இல் வந்த ஓர் ஆய்வு. 40 நாடுகளில் 355 நகரங்களில் 17,000-க்கு மேற்பட்ட பர்ஸ்களைத் தொலைந்தவை போல வரவேற்பு மேஜைகளில் கொடுத்துப் பார்த்தார்கள். பணம் இருந்தால் அமுக்கிவிடுவார்கள் என்றுதான் பெரும்பாலோர் நினைத்தார்கள். ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் பணம் இருந்த பர்ஸ்தான் அதிகம் திரும்பி வந்தது. திருப்பித் தரும் அளவு நாட்டுக்கு நாடு பெரிய அளவில் மாறியது. ஆனால் பணத்தைப் பார்த்ததும் மனசாட்சி கூடுதலாகக் குத்தியது ஏறக்குறைய எல்லா இடத்திலும்தான்.

---

தொலைநடை

எல்லோருக்கும் நன்றி. நான் கேட்டதைவிட நிறையக் கிடைத்தது. என் பக்கம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது.

அந்தத் தள்ளுவண்டி விஷயத்தில் நான் மாறிவிட்டேன். இரண்டாவது குளிர்காலத்தில் அந்தப் பையனை நானே வெளியே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறேன். மாறாதது வேறு. என் தோழியின் அம்மாவுக்கு 84 வயது. நகரத்தின் மறுகோடியில் தனியாக இருந்தார். இவ்வளவு பாசமான மகள் எப்படி அம்மாவைத் தனியே விட்டாள் என்று எனக்கு ஆறவே இல்லை. ஒருநாள் அந்த அம்மாவிடமே, மகளோடு இருக்க ஆசையில்லையா என்று கேட்டுவிட்டேன். "அவள் வீட்டில் நான் விருந்தாளி. இங்கே நீ என் விருந்தாளி" என்று சொல்லிவிட்டு, நடுங்கும் கையால் எனக்கு ஒரு கோப்பை காபி ஊற்றினார். உதவப் போன என் கையைத் தட்டிவிட்டார்.

புரிந்தது. ஆனாலும் என் அம்மாவைத் தனியாக விட எனக்கு மனம் வராது. ஊருக்குத் திரும்பியதும் அம்மாவை என்னோடு கூட்டி வந்துவிட்டேன். மூன்று வருடம் ஆகிறது. நல்ல பிள்ளை என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

இரவுப்பணி அக்கா எழுதியதைப் படித்த அன்று இரவு ஒன்று உறைத்தது. அம்மாவை நான் கேட்கவே இல்லை. நேற்று அவர் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, "எங்கே இருந்தால் உங்களுக்கு நிம்மதி?" என்று கேட்டேன். மடித்த துண்டை மறுபடி உதறி, மறுபடி மடித்தார். "யோசித்துச் சொல்கிறேன்" என்றார்.

இன்னும் சொல்லவில்லை.